மழைக்கு எத்தனை மார்க்?

சமீபத்தில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பட்டு நூலுக்குச் சாயம் போட ஆள் தேர்ந்தெடுக்க, லேப்டாப்பில் கணக்குப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். எம்.பி.ஏ.வில் படித்ததுதான். விலையா, நேரமா – எது முக்கியம்? நேரமா, நிறமா? இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் எடை கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாயப்பட்டறைக்கும் மார்க். பெருக்கிக் கூட்டினால் விடை.

இந்தத் தடவை விளையாட்டில்லை. சென்னைக் கடை ஒன்று முதல்முறையாக எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. தை முகூர்த்தத்துக்கு, எல்லாப் புடவையும் ஒரே மாம்பழ மஞ்சள். நூல் தாமதமானால் தறி சும்மா நிற்கும். கடைக்காரர் அடுத்த ஆர்டரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்.

கோடையில் கொடுத்து வாங்கிய அனுபவத்தை வைத்து மார்க் போட்டேன். கண்ணமங்கலத்துக்காரர் முதலிடம். விலை குறைவு, நிறம் சுத்தம், ஒரு நாள்கூடத் தாமதமில்லை. சேவூர்க்காரர் இரண்டாமிடம்.

"அப்ப கண்ணமங்கலத்துக்கே நூல அனுப்பிடறேன்" என்றார் கணவர்.

"நாளைக்கு அனுப்பலாங்க..." என்றேன். ஏனென்று கேட்காதீர்கள். என் சுபாவம் அது.

மறுநாள் காலை துணிக்கொடியைத் தொட்டுப் பார்த்தேன். மகள் ஜெனிக்கு எட்டு மாதம். துணி நாப்கின்தான் கட்டுகிறேன். முந்தாநாள் துவைத்தது இன்னும் ஈரம். வெளியே ஐப்பசித் தூறல்.

நாப்கினே காயவில்லை. நூல்?

கண்ணமங்கலத்துக்குப் போன் போட்டேன். "அண்ணா, மழைல நூல எங்க காய வெப்பீங்க?"

"மொட்ட மாடிலதாம்மா. வெயில் வந்தா ஜல்தியா காஞ்சிடும்."

வந்தால்... என் கோடைக்கால மார்க்கில் மழையே இல்லை. சேவூர்க்காரரிடம் ஷீட் போட்ட கொட்டகை இருக்கிறது, உள்ளே ஃபேனும். 'மழை' என்று ஒரு வரி சேர்த்தேன். சேவூர் முதலிடம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "உனக்குப் புடிச்சவரு ஜெயிக்கிற வரைக்கும் மார்க் போட்டுகினே இருப்பியா?"

"எனக்கு எதுக்கெல்லாம் பயமோ, அதுக்குத்தாங்க மார்க் போடறேன்."

"அதுக்கெல்லாம் இந்த லேப்டாப் தாங்காது."

நூல் சேவூருக்குப் போனது. அன்று மதியமே மேகம் விலகி, சுள்ளென்று வெயில். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. கண்ணமங்கலத்து அண்ணன் போன் செய்து, "இங்க சூப்பர் வெயிலும்மா" என்றார். கணவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சேவூர் நூல் சொன்ன நாளில் வந்தது. மஞ்சள் கச்சிதம். தறியில் ஏறிவிட்டது. கண்ணமங்கலத்திலிருந்தும் இப்படியே வந்திருக்குமோ? அதை எந்தக் கணக்கும் சொல்லாது. நாம் கேட்டதற்குத்தான் கணக்கு பதில் சொல்லும்; எதைக் கேட்பது என்பதை, எங்கள் வீட்டில் துணிக்கொடி சொன்னது.

நாப்கின்களா? ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிட்டன.