சொர்ணம் நின்ற இடம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நெசவாளர் தெருவின் சங்கம், புதுக் கட்டடத் திறப்புக்கு குரூப் படம் எடுக்கச் சொன்னது.
2. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவிலிருந்து போய் எடுத்தேன்.
3. பின்வரிசையில் சொர்ணம் என்ற பெண் நின்றார்.
4. சங்கச் சுவரில் மாட்டிய படத்தில் அவர் இல்லை. அவர் இடத்தில், அன்று ஊரிலேயே இல்லாத அவருடைய கணவர் நின்றார்.
5. அந்தப் படத்தைப் பார்த்து வீட்டுமனை பிரித்தார்கள்.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. நான் சென்னையில் போட்டோகிராபி டிப்ளமா முடித்து வந்திருந்தேன். சடங்கு வீடுகளில் உள்ளே போய் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்றுதான் முதலாளி என்னை வேலைக்கு வைத்தார். அன்றைக்கு அவருக்குக் கல்யாண ஆர்டர் இருந்ததால் குரூப் படம் என்னிடம் வந்தது.

அந்தத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு. திருவிழா வரியும் சங்கத்தில் பேசும் உரிமையும் தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் ஆண். சொர்ணத்தின் கணவர் திருப்பூர் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகி, வருவதை நிறுத்திவிட்டார். சொர்ணம் தறி நெய்து பிள்ளைகளை வளர்த்தார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கணவர் பேரில் வரியும் கட்டினார்.

படம் எடுக்கும் காலையில் அவர் வந்து நின்றதும் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

“ஏட்டி சொர்ணம், உனக்கு இங்க என்ன சோலி?” என்றார் ஒருவர்.

“தலைக்கட்டெல்லாம் வரணும்னு சொல்லிவிட்டிய. வந்துட்டேன்.”

“அது ஆம்பிளையளச் சொன்னது.”

“வரி வாங்க வரும்போது ஆம்பிளை எங்கன்னு கேக்கலையே அண்ணாச்சி. என் வாசல்லதான வந்து நின்னிய.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். “வாங்குனல்லா, நல்லா வாங்கிக் கட்டு” என்று ஒருவர் கேட்டவரைப் பார்த்து முணுமுணுத்தார். சங்கச் செயலாளர் வெயிலைப் பார்த்தார். “சரி, நிக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம். நீ எடு பாப்பா.”

சொர்ணம் உயரம். பின்வரிசை ஓரத்தில் போய் நின்றார். ஓரத்தில் நிற்பவர்கள் பிரேம் போடும்போது பாதி மறைந்துபோவார்கள் என்பதால் அவரை மூன்று ஆள் உள்ளே தள்ளி நிறுத்தினேன். அவருக்குப் பக்கத்தில், அவர் சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவர் நின்றார். எல்லா முகமும் ஷார்ப்பாக விழுந்தது. நல்ல நெகட்டிவ்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கூட சொர்ணத்தின் கொழுந்தனார். கையில் சொர்ணத்தின் கல்யாணப் படம்.

“ஓரமா நின்னுருந்தா வெட்டிட்டுப் போயிருக்கலாம். இந்தப் பிள்ளை உள்ள தள்ளி நிப்பாட்டிருச்சு” என்றார் செயலாளர்.

“அதுக்கென்ன, ஆளை மாத்திருவோம்” என்றார் முதலாளி.

தலை ஒட்டும் வேலை அப்போது எல்லா ஸ்டூடியோவிலும் உண்டு. செத்துப்போன அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்க்கச் சொல்லி வருவார்கள். பழைய படத்தில் உள்ள முகத்தை அளவுக்கு பிரிண்ட் போட்டு, பிளேடால் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கி, பெரிய பிரிண்டின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் டச் பண்ணி, அதைத் திரும்பப் படம் எடுத்தால் புது நெகட்டிவ் கிடைத்துவிடும்.

“சார், அந்த இடத்துல ஒரு ஆள் நின்னாங்க” என்றேன்.

“செத்தவனை ஒட்டும்போது நீதான டச் பண்ணுத. உசுரோட இருக்கவனை ஒட்டுனா கசக்குதோ?”

“செத்தவருக்காக யாரையும் படத்துலருந்து எடுக்கலையே சார்.”

“டிப்ளமா படிச்சவ பேச்சைப் பாத்தியளா?” என்று செயலாளரிடம் சிரித்துவிட்டு, “நீ போயி டெவலப்பரக் கலக்கு” என்றார் என்னிடம்.

அவரே உட்கார்ந்து ஒட்டினார். பின்வரிசை என்பதால் தோள்வரைக்கும்தான் தேவைப்பட்டது. கழுத்தில் இருந்த கல்யாண மாலையைப் பெயிண்ட் அடித்துத் துண்டாக்கினார். வேலை சுத்தம். ஆனால் வெளிச்சம் பொருந்தவில்லை. காலை வெயிலில் எல்லார் மூக்குக்கும் வலது பக்கம் நிழல் விழுந்திருந்தது. கல்யாணப் படம் நேர் பிளாஷில் எடுத்தது. ஒட்டிய கணவர் முகத்தில் மட்டும் நிழல் இல்லை.

சில மாதத்தில் சங்கத்தின் பொது நிலத்தை மனையாகப் பிரிக்கப் பேச்சு வந்தது. அண்ணன் தம்பி பிரிந்த வீடுகளில் ஒரு தலைக்கட்டா இரண்டா என்று சண்டை. கடைசியில், படத்தில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு மனை என்று முடித்தார்கள். சொர்ணத்தின் மனை கணவர் பேருக்குப் போனது.

சொர்ணம் பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தார்.

“ஏம்மா, நீதான படம் எடுத்த. நான் நின்னேன்லா?”

“நின்னீங்க.”

“அவிய நின்னாவளா?”

“இல்லை.”

“அதை வந்து சொல்லுதியா? நாங்க இருக்கது வாடகை வீடு. தறி போடுத இடத்தைக் காலி பண்ணச் சொல்லுதாங்க.”

முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது முதல் நெகட்டிவிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்துடன் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் கண்ணாடி போட்டு, கையிலிருந்ததையும் சுவரில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டுலயும் உங்க ஸ்டூடியோ சீல்தான் இருக்கு பாப்பா. எதை நம்ப?”

“இதுதான் ஒரிஜினல் சார்.” நிழல் விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

“நெழலை வச்சு மனை கொடுக்க முடியுமாம்மா?” என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள்.

சொர்ணம் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரிடம் போனார். “சித்தப்பா, அன்னைக்கு ஒங்க பக்கத்துல நின்னது யாரு? முந்தானை மேல படுதுன்னு தள்ளி நின்னியளே. நீங்க சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். “படத்துல யாரு இருக்காவளோ அவியதாம்மா” என்றார்.

சொர்ணம் படத்தின் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது துண்டு இல்ல. நான் போட்ட மாலை” என்று மட்டும் சொன்னார். டீ வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

மறுநாள் முதலாளி அந்த நெகட்டிவைக் கேட்டு வாங்கி, என் கண் முன்னால் கத்தரித்தார். அந்த வாரமே வேலையை விட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இது. பள்ளிக்கூடம், மில், சங்கம் எதுவானாலும் குரூப் படம் எடுக்கும்போது, இங்கே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி என்று நினைத்துத்தான் பட்டனை அழுத்துவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சொர்ணம் நின்றது தெரியும். என் நெகட்டிவ் இல்லாமலே அவர்கள் சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்லாதபோது, நெகட்டிவ் இருந்தும் பயன் இல்லை.

சொர்ணத்தின் கணவர் மனையை விற்க ஒரே ஒரு தடவை வந்தார். அதில் இப்போது வேறு குடும்பம் வீடு கட்டியிருக்கிறது. சொர்ணம் தறியைக் கொடுத்துவிட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறார். நான் ஒரு கலர் லேபில் இருக்கிறேன். தலை ஒட்டும் வேலை வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், வந்தவர்கள் அடுத்த கடையில் செய்துகொள்கிறார்கள். சங்கத்துப் படம் சுவரில் இருக்கிறது. போன வருடம் புதுக் கண்ணாடி போட்டார்கள்.