பூஜ்யம் என்று எழுதப்பட்ட கண்

பரிசோதனைக்குப் போகும் நாளில் ஒகுனோ தொமியே காலை ஆறேகாலுக்கே கண்ணாடி முன் உட்கார்ந்துவிடுவார். மீன் முள் உருவும் இடுக்கிதான் கருவி. வலது கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஈரத்துணியில் ஒட்டிவைப்பார். ஏப்ரல் பதினான்காம் தேதி ஒன்பது. ஜூலை இருபத்தொன்றில் பதினான்கு. பேருந்தில் துணைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரனாகிய நான் காத்திருந்தபோது எண்ணியது.

தொமியே, ஜப்பானின் த்சுருகா துறைமுகச் சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் பெண்மணி. வயது அறுபத்தேழு. இடது கண்ணில் இமை விழியோடு ஒட்டிப்போய் ஐந்து ஆண்டுகள். யாராவது விசாரித்தால், "உங்க மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணு போதாதா?" என்பார்.

விருந்தாளி வருமுன் வாசலைக் கூட்டுவதுபோல, கண்ணைச் சுத்தம் செய்துகொண்டு போவதே மருத்துவருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர் எண்ணம். அவ்வளவு படித்தவரை முடி பிடுங்க வைக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

அக்டோபர் ஆறாம் தேதி மருத்துவர் இசோபே குழம்பிப்போனார். அவருடைய குறிப்பில், உள்ளே வளைந்த முடி: இந்த ஆண்டு மூன்று முறையும் பூஜ்யம். கண்ணில் சிவப்பே இல்லை. ஏப்ரலில் அப்படித் தெரிந்ததை நம்பித்தான் இசோபே மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். ஆனால் சென்ற ஆண்டு ஏழு மில்லிமீட்டர் ஆழமிருந்த கீழிமையின் உள்மடிப்பு இப்போது சுருங்கி நாலரை. அளக்கும்போதெல்லாம் தொமியே இமையை இறுக்கிக்கொள்வார். அதனால் அளவே தவறோ என்ற ஐயமும் இருந்தது.

நான் சொல்லிவிட்டேன், தேதியோடும் எண்ணிக்கையோடும். அன்று காலைப் பதினொன்றையும் சேர்த்து.

"மொரிதா சான், உங்களத் துணைக்குக் கூட்டியாந்தேனா, சாட்சிக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் தொமியே.

மருத்துவர் கோபிக்கவில்லை. உடம்பின் காவல் அணுக்கள் கண்ணின் சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகின்றன, தாக்கும்போதே தழும்பு நெய்யும் அணுக்களுக்குச் செய்தியும் அனுப்புகின்றன என்றார். "சண்டை ஓஞ்ச பிறகும் 'நிறுத்து'ன்னு அவங்களுக்குச் சேதி போறதில்லம்மா. கண்ணு வெள்ளையாவே இருக்கும், உள்ள தழும்பு வளரும். அது இழுக்குறதாலதான் முடியே உள்ள திரும்புது."

எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. தொமியேக்கு அதுவும் இல்லை. "என் உடம்பு, என் கண்ணு. இதுல யாரு யாரோட சண்ட போடுறா? வலியே இல்லியே."

"அது எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியல, தொமியே சான்."

அளவு சரியென்றால் அன்றே மருந்தைக் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கண்ணும் ஒட்டிப்போகும். கூட்டினால் தொற்று எளிதில் பிடிக்கும். கூட்டம் நெரியும் சந்தையில் நிற்கக்கூடாது. அளவு தவறென்றால் கடையை மூடுவது வீண். இன்னொரு முறை அளக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

 தொமியே கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் மோவாயை வைத்தார். தெருப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போது இழுப்பார்களே, அப்படித் தன் கீழிமையைத் தானே ஒரு விரலால் இழுத்து, அளவுகோல் வரும்வரை இமைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.