கிட்ட ஹயருக்கு முறை போகாது

எம்.பி.ஏ. பட்டம் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டு கேற்றில் பெயர்ப்பலகை மாட்டியது. அதில் என் பெயரைவிடப் பட்டம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மாத்தளையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறிப் படித்த படிப்பு, சும்மா விட முடியுமா? கழுத்துப் பிடிப்புதான் மிச்சம் என்று என் கணவர் சொல்வார். அவருக்குப் பொறாமை என்று நான் சொல்வேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

பிறகு கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் மாத்தளைக் கிளையில் முகாமைத்துவ டிப்ளோமா வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை, அதற்கு மேல்மாடி. கீழே பைப் அறுக்கும் சத்தம் கேட்டால் நான் குரலை உயர்த்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் வகுப்பு. இரத்தோட்டையிலிருந்து தோட்டத்து ஆபீஸ் கிளார்க் ஒரு பெண் வருவாள். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்யும் ஒருவர், பார்மசிக்காரர் ஒருவர், இப்படி மொத்தம் இருபத்தொரு பேர்.

பாடப்புத்தகம் முழுக்க வெளிநாடு. ஒரு விமானக் கம்பெனி இன்னொரு விமானக் கம்பெனியை எப்படிக் கவிழ்த்தது, ஒரு கோப்பிக் கடை பக்கத்துக் கோப்பிக் கடையை எப்படி மூட வைத்தது, இந்த மாதிரிக் கதைகள். எங்களில் ஒருவர்கூட விமானக் கம்பெனி வைத்திருக்கவில்லை. ஆனாலும் நான் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பேன். "போட்டியாளர் தூங்கும்போது நீங்கள் விழித்திருக்க வேண்டும்" என்பது என் பிரபலமான வசனம். அதைக் கேட்டுத் தம்புள்ளைக்காரர் ஒருமுறை கையைத் தூக்கினார்.

"எங்க சந்தையில யாருமே தூங்குறதில்லயே மிஸ். அப்ப என்ன செய்றது?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கேள்வியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

அந்த வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். நாற்பது வயது தாண்டிய முஸ்லிம் மனிதர், த்ரீவீலர் ஓட்டுகிறவர். ஹார்ட்வெயார் கடைக்கு எதிரே த்ரீவீலர்கள் வரிசையாக நிற்கும் பார்க்தான் அவருடைய இடம். நான் அவரை அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார். இருபது வருடம் குலுங்கிக் குலுங்கி ஓட்டியதில் அவருடைய முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இன்னும் ஓட்டினால் நிமிர்ந்து நிற்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீகிரியாவில் ஒரு ஹோட்டல், வாகனங்களையும் சாரதிகளையும் மேற்பார்வை செய்ய ஆள் தேடியது. அனுபவம் அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால் விளம்பரத்தில் முகாமைத்துவ டிப்ளோமா கட்டாயம் என்று போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

"சாய்ஞ்சு உக்கார ஒரு கதிரை கெடச்சா போதும் மிஸ்" என்று சொல்வார்.

பரீட்சை வந்தது. கேள்வித்தாள் கொழும்பில் தயாரித்தது, திருத்துவது நான். கடைசிக் கேள்விக்குத்தான் அதிகப் புள்ளி, இருபத்தைந்து. "உங்கள் தொழிலின் போட்டியாளர்கள் யார்? அவர்களை எவ்வாறு முந்துவீர்கள்?" நான் ஒரு வருடமாக மேசையைத் தட்டியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

நானாவின் விடை இப்படித் தொடங்கியது: "எனக்குப் போட்டியாளர் யாரும் இல்லை."

எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு வருடம் தொண்டை வற்றக் கத்தியது இதற்குத்தானா? சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். பூச்சியம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் முப்பத்தாறு. சித்தியடைய நாற்பது வேண்டும். கேள்வியை வாசிக்காமல் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு, புள்ளிப் பட்டியலைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தேன்.

முடிவு வந்த அன்று அவர் மேலே ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிஸ், முழுசா வாசிச்சீங்களா?"

"என்ன நானா இப்படிக் கேக்குறீங்க? இருபத்தொரு பேப்பரையும் நான்தானே திருத்தினேன்! போட்டியாளர் இல்லாத தொழில் ஒலகத்துல எங்கயாவது இருக்கா?"

"எங்கட பார்க்ல முறை இரிக்கி மிஸ்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

நான் வாசிக்கவில்லை. வாசித்தேன் என்றும் சொல்லவில்லை. இருந்தாலும் நான் சொன்ன பதில் பொய்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். செருப்புக்குள் போன சின்னக் கல் மாதிரி அந்தக் கேள்வி ஒரு வாரம் குத்திக்கொண்டே இருந்தது. கல்லை எடுத்துப் போடாமல், கல்லே இல்லை என்று நிரூபிக்கத்தான் நான் கிளம்பினேன். அது என் சுபாவம்.

அடுத்த ஞாயிறு மழை. வகுப்பு முடிந்து கீழே வந்து, ஹார்ட்வெயார் கடை வாசலில் நின்றபடி எதிரே இருந்த பார்க்கைக் கவனித்தேன். பதினாறு த்ரீவீலர்கள். மரத்தில் ஒரு பலகை அடித்து, அதில் வரிசையாக ஆணி வைத்திருந்தார்கள். பழைய டியூபை வெட்டி நம்பர் எழுதிய துண்டுகள் அந்த ஆணிகளில் தொங்கின. முதல் ஆணியில் யாருடைய நம்பரோ அவர்தான் அடுத்த ஹயர், அதாவது அடுத்த சவாரி, போக வேண்டும். போனவர் திரும்பி வந்து தன் நம்பரைக் கடைசி ஆணியில் மாட்டுவார். இத்தனை வருடம் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். யாரோ பழைய டியூபைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நான் எதிர்பார்த்தது நடந்தது. சிவப்பு த்ரீவீலர் ஒன்று வந்து நின்றது. அதன் சாரதி இறங்கினார். எட்டுப் பேர் காத்திருக்க, தன் நம்பரை நேராகக் கொண்டுபோய் முதல் ஆணியில் மாட்டினார். பிடித்துவிட்டேன் என்று உள்ளே ஒரு துள்ளல். குடையைக்கூட விரிக்காமல் ரோட்டைக் கடந்து போனேன்.

"இதுதானா உங்க முறை? எட்டுப் பேர் நிக்கிறாங்க, இவரு நேரா முன்னுக்குப் போறாரு. யாரும் கேக்க மாட்டீங்களா?"

நானா அப்போது அங்கே இல்லை. இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிவப்பு வண்டிக்காரரே பதில் சொன்னார்.

"அது கிட்ட ஹயர் மிஸ். வயசான அம்மா ஒருத்தவங்கள ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாறேன். ஆஸ்பத்திரிச் சந்திக்கு உள்ளுக்குப் போய் வந்தா முறை போகாது. அத தாண்டினாத்தான் கடைசிக்குப் போகணும்."

"ஏன் அப்படி?"

"இல்லாட்டி யாரு மிஸ் கிட்ட ஹயர் போவா? ஒரு மணித்தியாலம் காத்துக் கெடந்து முன்னுக்கு வந்துட்டு, அந்தா தெரியிற எடத்துக்குப் போயிட்டு வந்து திரும்பக் கடைசியில நிக்க ஏலுமா?"

"இத யாரு கொண்டுவந்தது?"

"ஒங்க ஸ்டூடண்ட்தான். எங்கள ஒத்துக்க வைக்க ரெண்டு மாசம் பாடுபட்டாரு. இப்ப அவரே மாத்தச் சொன்னாலும் நாங்க மாத்த மாட்டோம்."

நான் மாடி ஏறினேன். இரும்பு அலுமாரியைத் திறந்து அந்த விடைத்தாளை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை முதல் தடவையாக வாசித்தேன்.

"எனக்குப் போட்டியாளர் யாரும் இல்லை. எங்கள் பார்க்கில் பதினாறு பேரும் முறைப்படி ஓடுகிறோம். முன்பு கிட்ட ஹயர் வந்தால் பெற்றோல் இல்லை, பிரேக் சரியில்லை என்று பொய் சொல்வோம். நோயாளிகளும் வயதானவர்களும் வண்டி வண்டியாகக் கேட்டு அலைவார்கள். இப்போது கிட்ட ஹயருக்கு முறை போகாது. அதனால் பொய் சொல்லத் தேவையில்லை. உதாரணமாக, வங்கிக்குப் பின்னால் மேட்டில் ஒரு மிஸ் இருக்கிறார். அரைக் கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் ஏற்றம். இரண்டு பை நிறையப் புத்தகம் கொண்டுவருவார். கேற்றுக்குள் நாய் இருப்பதால் அவர் சாவி தேடி எடுக்கும்வரை காத்து நிற்க வேண்டும். போகும் வழியெல்லாம் வாடிக்கையாளர் சேவை பற்றி எங்களுக்குப் பாடம் நடத்துவார். யாருக்கும் பிடிக்காத ஹயர். ஆனால் இந்த முறை வந்த பிறகு அவர் ஒருநாள்கூட ரோட்டில் நின்றதில்லை. அவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல சேவை என்றால் அதுதான் என்று நினைக்கிறேன்."

இரண்டு பை, மேடு, நாய், சாவி. சந்தேகமே இல்லை. மாத்தளையில் என்னை ஏற்றமாட்டேன் என்று ஒரு த்ரீவீலர்காரரும் சொன்னதில்லை என்று வீட்டில் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன்! படித்தவள் என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன். காது மடல் சுட்டது. வெட்கம்தான், பச்சையான வெட்கம். ஆனால் அந்தப் பாடம் நடத்தும் மிஸ் எப்படி இருப்பாள் என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனியாக அந்த மேல்மாடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. என் அவசரப் புத்தியால் ஒரு மனிதர் தன் முதுகெலும்பை இழக்கப்போகிறார்.

மறுநாள் காலை கொழும்புக்குப் போன் எடுத்தேன். பரீட்சைப் பொறுப்பாளர் கறாரான மனிதர்.

"புள்ளித்திட்டத்தில ஆகக்குறைஞ்சது மூன்று போட்டியாளர் எழுத வேணும் எண்டு இருக்குது, மிஸ். இவர் ஒருத்தரும் இல்லை எண்டு எழுதியிருக்கிறார். என்னெண்டு புள்ளி போடுறது?"

"சேர், ஒரு நிமிஷம். நான் வாசிக்கிறேன், கேளுங்க."

வாசித்தேன். முழுவதும் வாசித்தேன். நாயையும் சாவியையும்கூட விடவில்லை. மறுபக்கம் ஒரு சிரிப்பு கேட்டது.

"ஆர் அந்த மிஸ்?"

"நான்தான் சேர்."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து ஓய்ந்தபின் ஒரு நிபந்தனை போட்டார். முதல் தடவை விடையை முழுமையாக வாசிக்காமல் புள்ளியிட்டேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது என் கோப்பில் இருக்கும். எனக்கு அப்போது கிளைப் பொறுப்பாளர் பதவி மேல் ஒரு கண். கேற்றில் மாட்டிய பலகையில் அதற்கும் இடம் விட்டுத்தான் எழுத வைத்திருந்தேன்.

எழுதிக் கொடுத்தேன். பேனா கொஞ்சம் தயங்கியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு எம்.பி.ஏ.யில் அடுத்தவனை முந்தச் சொல்லித்தந்த அத்தனை பேராசிரியர்களில் ஒருவராவது, யாருக்கும் பிடிக்காத ஹயரை யார் ஏற்றிப் போவது என்று கேட்டாரா? நான் கேட்டேனா? இந்தப் படிப்பையெல்லாம் மேல்மாடியிலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. இப்போது என் முதல் வகுப்பு அந்த மரத்தடியில், ஆணிப் பலகைக்கு முன்னால்தான் நடக்கிறது. கிளைப் பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. போகட்டும்.

நானாவுக்கு அந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு புள்ளி போட்டேன். மூன்று புள்ளியைக் குறைத்தது அந்த நாய்க்காக. சான்றிதழ் கூரியரில் வந்து சேர்ந்தபோது இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஹோட்டல்காரர்கள் நேர்முகத்தில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லையாம். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு, வகுப்பு முடிந்து இரண்டு பையோடு கீழே வந்தேன். முதல் ஆணியில் நானாவின் நம்பர் தொங்கியது. பார்க்கில் அவருக்கு அது கடைசி நாள். நான் ஏறி உட்கார்ந்தேன். பேசவில்லை. வங்கியைத் தாண்டியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னா மிஸ், இன்னைக்குப் பாடம் இல்லையா?"

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க நானா, நான் கேக்குறேன். அந்தப் பதினஞ்சு பேரையும் எப்படி ஒத்துக்க வச்சீங்க?"

அவர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். முதல் வாரம் யாரும் கேட்கவில்லையாம். அதனால் ஒரு மாதம் வந்த கிட்ட ஹயர் எல்லாவற்றையும் தானே ஓடிக் காட்டினாராம். இரண்டாவது மாதம் சிவப்பு வண்டிக்காரர் வந்து என்ன கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தபோது கேற் வந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர்தானே. உள்ளே நாய் குரைத்தது.

நான் சாவியைத் தேடவில்லை, இறங்கவும் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பி மேட்டிலிருந்து இறக்கி, பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரிப் பக்கமாக விட்டார்.

"நானா, சந்தியத் தாண்டினா முறை போயிடும்."

"போகட்டும் மிஸ்" என்றார்.

ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டும்போது அவர் இன்னும் இரண்டாவது மாதத்திலேயே இருந்தார். நான் பைகளைக் காலடியில் வைத்துவிட்டு, முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டு போனேன்.