குளிர்க் கடலோரத்து வைனும் என் மூக்கும்

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டலில் பதினோரு வருடம் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்தேன். கடைசி ஐந்து வருடம் வைன் என் பொறுப்பு. விருந்தினர் கேட்ட சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்து, கெட்டது மேசைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். குடிப்பது என் வேலை இல்லை. ருசி பார்த்தாலும் துப்பிவிடுவேன். கட்டுகஸ்தோட்டையில் என் சொந்தக்காரர்கள் ஒருவரும் இதை நம்பவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை குளிர் நாட்டுக் கடலோரத் தோட்டங்களின் வெள்ளை வைன்கள். அங்கே கடல்காற்று வெயிலின் சூட்டைத் தணித்துக்கொண்டே இருப்பதால் திராட்சை மெதுவாகத்தான் பழுக்கும். இனிப்பு ஏறினாலும் புளிப்பு போகாது. பயிற்சிப் புத்தகங்களில் அந்த வாசனைகளுக்கு எழுதியிருந்த பழங்களில் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் ஒரு கொப்பியில் எனக்குத் தெரிந்த பெயர்களை எழுதிவைத்தேன். தேசிக்காய்த் தோல், அதாவது எலுமிச்சைத் தோல். உப்புத் தொட்ட மாங்காய். மழை விட்டதும் பேராதனைப் பூங்காவில் புல் வெட்டும் வாசம்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் நியூசிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். கடல் தெரியும் ஒரு மேட்டில் சிறிய திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். பகல் சாப்பாட்டின்போது, தாங்கள் கொண்டுவந்த சொந்தப் போத்தலை என்னிடம் தந்து திறக்கச் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் ஊற்றி, "என்ன தெரிகிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தேசிக்காய்த் தோல். நனைந்த கல். கடைசியில் கொஞ்சம் உப்பு," என்றேன்.

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. திருகோணமலைக் கடலைத்தான் பார்த்திருக்கிறேன். அது சூடான கடல்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் போகும் நாளில் அவள் சிரிக்காமல் சொன்னாள்: "அடுத்த அறுவடைக்கு வாருங்கள். மூன்று மாதம் எங்களோடு வேலை செய்யுங்கள். கடிதம் அனுப்புகிறேன்."

சொன்னபடியே அனுப்பினாள். அந்தக் கடிதத்தை என் மனைவி பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில், எங்கள் கல்யாணச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பாஸ்போட் எடுத்தேன். பிலிமத்தலாவையில் ஒரு கடையில் தடித்த கோட் ஒன்று வாங்கி, வீட்டுக்குள் போட்டுப் பார்த்து வியர்த்துப்போனேன். பிறகு உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஹோட்டலும் மூடியது. அந்தப் பெண் இடையிடையே எழுதினாள். வழி திறக்கட்டும், உங்கள் இடம் இருக்கிறது என்று.

ஹோட்டல் மறுபடி திறந்து, வழியும் திறந்து, அவளுடைய இரண்டாவது கடிதம் வந்த வாரத்தில்தான் எனக்கும் மனைவிக்கும் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. ஐந்தாம் நாள் எழுந்து நடமாடினோம். நான் குசினிக்குள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் உட்கார்ந்து விசாவுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, பருப்பு அடிப்புடிச்சு ஜன்னல்ல பொகை வருது! எனக்குத்தான் காய்ச்சல்ல வாடயே தெரியல, பக்கத்துலயே ஒக்காந்திருக்கீங்க, ஒங்களுக்குமா கருகின வாட வரலியா?"

வரவில்லை. அவள் இஞ்சியை நசுக்கித் தந்தாள். கறுவாப்பட்டை, கற்பூரம், கடைசியில் மண்ணெண்ணெய்ப் போத்தல் வரைக்கும் ஒவ்வொன்றாக என் மூக்கின் கீழே பிடித்தாள். தண்ணீரை முகர்வதுபோலத்தான் இருந்தது. மனைவிக்கு இரண்டு வாரத்தில் மணம் திரும்பிவிட்டது. எனக்கு மாதங்கள் போயின. மூக்கு வைத்தியர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. காத்திருந்துதான் பார்க்க வேணும்," என்றார். கூட்டம் நிறைய. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஹோட்டலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வைனுக்கும் சொல்ல வேண்டிய வார்த்தைகள் மனப்பாடம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, கொப்பியில் எழுதியதை ஒப்பித்தேன். விருந்தினர்கள் தலையாட்டினார்கள். முன்பு உண்மையைச் சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டினார்கள். அது என்னை மிகவும் வருத்தியது.

வைன் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, நீர் இப்ப போத்தலை மணந்து பாக்கிறேல்ல, சும்மா நடிக்கிறீர். என்ன நடந்தது?"

சொன்னேன். கையிலிருந்த பட்டியலை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வீட்டிலயும் முந்திரிகைக் கொடி நிண்டது, இந்தத் திராட்சைதான். எனக்கு இந்த வைன் ஒண்டும் விளங்காது. ஆனா கெட்ட மணம் தெரியும். திறந்தா முதல் என்னட்டக் கொண்டு வாரும்."

சில வாரங்கள் அப்படிச் சமாளித்தோம். அவர் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு பகலில், ஒரு வெள்ளைக்காரப் பெரியவரும் மகளும் கடலோர வெள்ளை வைன் ஒன்று கேட்டார்கள். திறந்தேன். தக்கையை முகர்ந்து தலையாட்டினேன். தேசிக்காய், உப்பு, நனைந்த கல் என்று சொல்லி ஊற்றினேன். பெரியவர் கிளாஸை எடுத்தார், மூக்கருகே வைத்தார், மெல்லத் திருப்பி வைத்தார். கோபப்படவில்லை.

"மன்னிக்க வேண்டும். இது ஊறிய காட்போட் பெட்டிபோல மணக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?"

தக்கையால் கெட்டுப்போன போத்தல். இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கண்டுபிடிக்கப் பழகிய கேடு. மனேஜர் வந்து முகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் அறையில் உட்காரவைத்து, "எவ்வளவு காலமாக?" என்று சிங்களத்தில் கேட்டார். எட்டு மாதம் என்றேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் என் தோளைத் தொட்டார். அடுத்த கிழமையிலிருந்து எனக்குச் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் எண்ணி மடித்து மாடிகளுக்கு அனுப்புவது.

நியூசிலாந்துப் பெண்ணுக்கு உண்மையை எழுதினேன். திராட்சை பறிக்க மூக்கு தேவையில்லை, இரண்டு கையும் முதுகும் போதும், வாருங்கள் என்று பதில் போட்டாள். பாதியில் விட்ட படிவத்தை நிரப்பி விண்ணப்பித்தேன். விசா மறுக்கப்பட்டது. காரணத்தை மூன்று வரியில் எழுதியிருந்தார்கள். மூன்று வரியையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா போட்டுப் பாப்பமா?" என்றாள்.

"வேணாம்," என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. அந்தத் தடித்த கோட்டைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். அவன் நுவரெலியாக் குளிரில் இருக்கிறான், அவனுக்காவது உதவும்.

போன வருடம் இங்கே சுற்றிப்பார்க்க வந்த ஒருவரிடம் அந்தப் பெண் ஒரு போத்தல் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் போயிருக்க வேண்டிய அறுவடையின் வைன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அதைத் திறந்து இரண்டு தண்ணீர்க் கிளாஸில் ஊற்றினேன். நாக்கில் புளிப்பும் குளிரும் பட்டன. வேறு ஒன்றும் இல்லை. யாராவது தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கலந்து தந்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக வைன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்.

"ஏதோ... புதுசா கிழிச்ச வாழையில மாதிரி இருக்குங்க. அப்புறம் பூவு. என்ன பூவுன்னு தெரியல. செத்த இருங்க..." மறுபடி முகர்ந்தாள். "மல்லிகையா? இல்ல. காப்பிப் பூ. காப்பிப் பூதான். சரியா சொல்றனா?"

"சரிதான்," என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கிளாஸை ஆட்டிப் பார்த்தாள். காப்பிப் பூ எப்படி மணக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அந்த வெள்ளைப் பூங்கொத்து கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.