ஆறு துண்டு கிளட்ச்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருபது வருடமாக ஓட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் கடை அவருடையது. நான் எடப்பாடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். டர்போ வைத்த ஒரு பெட்ரோல் காரை அவர் வாங்கியதும், நான் ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் கார் அவருடைய தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. "ஒரு ஊட்டுக்கு எதுக்கு ரெண்டு காரு?" என்றார். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை சங்ககிரி வழியாக எடப்பாடிக்குப் போய்வர அந்த டர்போவை ஓட்டியது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நண்பர்களோடு நின்று பார்த்தது அவர்.

பார்த்தது போதாமல், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இன்ஜினின் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி, டர்போ ஊதும் காற்றைக் கூட்டி, காரின் சக்தியை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு வந்தார். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகிற சாலையில் இது எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குச் சொன்னாப் புரியாது" என்றார். விசையும் முறுக்குவிசையும் என்னவென்று வருடத்துக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவளிடம்.

நான்கே மாதம். ஒரு நாள் காலை சங்ககிரியைத் தாண்டி ஒரு டிராக்டரை முந்தப் போனேன். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் அலறியது, ஆர்பிஎம் முள் துள்ளி ஏறியது, கார் மட்டும் இருந்த வேகத்திலேயே போனது. எதிரே லாரி வந்தது. பின்வாங்கி டிராக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். ரப்பரும் துணியும் சேர்ந்து கருகுவது போல ஒரு நாற்றம் உள்ளே நிறைந்தது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மெக்கானிக் தேவைப்படவில்லை.

அன்று மாலையே கடையில் விசாரணை. நீதிபதி, கணவரின் நண்பர். சொந்தமாக நாலு போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், அதனால் சக்கரம் உள்ள எதைப் பற்றியும் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் பெற்றவர். அவரிடமும் இதே மாதிரி ஒரு கார் இருந்தது. அது ஓடியதைவிட ஷெட்டில் துணி போர்த்தி நின்றதுதான் அதிகம்.

"தங்கச்சி கோவிச்சுக்கக் கூடாது. பொம்பளைங்க ஓட்டுனா கிளட்ச் நிக்காதுங்க. பெடல் மேலயே கால வெச்சிருப்பாங்க."

என் கணவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் மறக்கவில்லை.

பிறகு இருவரும் ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்துப் புதுக் கிளட்சைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வு என்றால், இருப்பதிலேயே முரட்டுத்தனமானது எது என்று பார்ப்பது. பந்தயக் கார்களுக்குப் போடுவது. வட்டமான பிளேட் முழுக்கப் படிகிற சாதாரண கிளட்ச் அல்ல. வட்டத்தைச் சுற்றி ஆறு உலோகத் துண்டுகள், தனித்தனியாக, பூ இதழ் மாதிரி. அதை அழுத்திப் பிடிக்க, யானை மிதித்தாலும் அசையாத ஸ்பிரிங்.

"ஜென்மத்துக்கும் போகாது மாப்ள" என்றார் நண்பர். பந்தயக் கார் பச்சை விளக்குக்கு ஒரு முறைதான் கிளம்பும், நான் பள்ளிக்குப் போவதற்குள் நாற்பது முறை நின்று கிளம்ப வேண்டும் என்று சொன்னேன். இருவரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாட்டி வந்த முதல் நாளே என் இடது முழங்கால் கெஞ்சியது. பெடலை மிதிப்பது ஆட்டுக்கல்லைக் காலால் தள்ளுவது போல இருந்தது. விட்டால் பாதி என்பதே கிடையாது. ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் கடித்துப் பிடிக்கும். முதல் கியரில் கார் மொத்தமும் உதறி, துள்ளி, நின்றுபோகும். எடப்பாடிச் சந்தை நாளில் தறிக்காரர்களும் காய்கறி வண்டிகளும் வேடிக்கை பார்க்க, பேருந்து நிலையத்துக்கு முன்னால் மூன்று முறை நின்றேன். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் சைக்கிளில் கடந்து போனார்கள். மறுநாள் வகுப்பில் நியூட்டனின் முதல் விதி நடத்தும்போது பின் பெஞ்சில் யாரோ காரைப் போல உதறிக் காட்டினார்கள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "பழகோணும். எல்லாத்துக்கும் பழக்கந்தான்" என்றார் கணவர்.

அவருக்குப் பழக்கம் வந்த விதத்தையும் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். அன்று அவர்தான் ஓட்டினார். முன் சீட்டில் அவருடைய தாய்மாமன், வேட்டி மடிப்புக் கலையாமல், மடியில் வெற்றிலைத் தட்டோடு. மண்டப வாசலில் பெண் வீட்டார் வரிசையாகக் கைகூப்பி நிற்க, இவர் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்த நினைத்தார். கார் மூன்று முறை ஆட்டுக்குட்டி போலத் துள்ளி அணைந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் டேஷ்போர்டில்.

மாமா ஒவ்வொரு பாக்காகப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க மாப்ள, வண்டி இப்பத்தான் பழகறீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். நான் அடக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அந்த உதறலில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்தது. கிளட்ச் போகவில்லை, நண்பர் சொன்னது சரிதான். மற்றதெல்லாம் போக ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை யாரையும் கேட்காமல் காரை நானே சங்ககிரிப் பக்கம் இருக்கும் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். ஆறு துண்டை மாட்டிய அதே மெக்கானிக். பெரும்பாலும் லாரி வேலை செய்கிறவர்.

"இதையா மாட்டுவீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"பொட்டியோட கொண்டாந்து குடுத்தாங்க, மாட்டுனேனுங்க டீச்சர். வண்டி யாரு ஓட்டறது, எங்க ஓட்டறதுன்னு நானும் கேக்கலீங்க, அவங்களும் சொல்லலீங்க."

பிறகு மூலையில் கிடந்த எங்கள் பழைய கிளட்சை எடுத்து வந்தார். பிளேட் இரண்டு பக்கமும் கண்ணாடி போல மினுங்கியது. இன்ஜினின் முறுக்கு கூடிவிட்டது, அழுத்திப் பிடிக்கிற பலம் பழையதுதான், வழுக்கி வழுக்கிச் சூடேறிவிட்டது என்றார். எனக்கு வெற்றிக் களிப்பு. அது ஒரு நிமிடம்தான் நீடித்தது. அடுத்து, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கை விரலால் சுற்றிக் காட்டினார். கரகரவென்றது.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க பெடல் மேல கால வெச்சே ஓட்டறீங்க. இது அதுலதான் போயிருக்குது. பிளேட் வழுக்குனதுலயும் அதுக்குக் கொஞ்சம் பங்கு இருக்குமுங்க."

காது சுட்டது. அந்த ரிக் ஓனர் தற்செயலாகக்கூட ஒரு விஷயத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் ஆனது.

அந்த வெட்கத்தை மறைக்க, பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். உராய்வு விசைக்குப் பரப்பு முக்கியமில்லை, அழுத்தும் விசைதான் முக்கியம், அப்படியிருக்க ஆறு துண்டானால் என்ன, முழு வட்டமானால் என்ன என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிடிக்கறதுக்கு நீங்க சொல்றது சரிங்க. ஆனா நின்னு நின்னு கெளம்பறப்ப சூடு வருதில்லீங்க, அது பரவறதுக்கு எடம் வேணுமே."

இருபது வருடப் பாடத்தில் நான் இதை யோசித்ததே இல்லை.

இன்ஜின் இப்போது தருகிற முறுக்கு எவ்வளவு என்று கேட்டார். சக்தியைக் கூட்டியபோது கோயம்புத்தூரில் கொடுத்து, காரிலேயே கிடந்த தாளைக் காட்டினேன். அதைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாங்கினால் போதும், அதற்கு மேல் போவதெல்லாம் முழங்காலுக்கும் கியர்பாக்ஸுக்கும் கேடு என்றார். முழு வட்ட பிளேட், நடுவில் உதறலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்குகள், பழையதைவிடப் பலமாக அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், புது பேரிங். பிளேட் படியும் இன்ஜின் சக்கரத்தின் முகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டும். இவ்வளவுதான். இதை ஒரு வாரம் வீடியோ பார்த்த இரண்டு ஆண்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மொத எண்ணூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டோணும். பிளேட் பழகற வரைக்கும் டர்போவ மறந்துருங்க."

அந்த எண்ணூறு கிலோமீட்டரும் சாவி என் கைப்பையில் இருந்தது. கணவர் இரண்டு ஞாயிறு கேட்டார். பழகோணும் என்றேன். கடைக்கு மொபெட்டில் போனார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கிளட்ச் அப்படியே இருக்கிறது. நானும் இடது காலைத் தரையில் வைக்கக் கற்றுக்கொண்டேன். கழற்றிய ஆறு துண்டை நண்பர் ஆசையோடு வாங்கிப்போய்த் தன் காரில் மாட்டிக்கொண்டார். போன மாதம் என் பள்ளி இடைவேளை நேரம் பார்த்து அழைத்தார்.

"தங்கச்சி, அந்த மெக்கானிக் என்ன கிளட்ச் போட்டாருன்னு சொல்லுங்க. மாப்ளகிட்டச் சொல்ல வேண்டாம்."

அவரிடம் போய், வண்டியை யார் ஓட்டுவது, எங்கே ஓட்டுவது, எவ்வளவு முறுக்கு என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள் என்றேன். சரிங்க சரிங்க என்றார். பட்டறைக்குப் போய், "டீச்சருக்குப் போட்டதைவிட பெருசா ஒண்ணு போடுங்க" என்றாராம்.