கிருமிக்குச் சோறு போட்ட ராசாத்தி

இராசிபுரம் பக்கத்தில், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் ராசாத்தி பத்தொன்பது வருடம் தொட்டி கழுவினாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் கிழங்கின் மாவு வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விலை போகும். தொட்டியைத் தேய்த்ததும் இரண்டு கை பிளீச்சிங் பவுடர் தூவுவது அவளுக்கு மூச்சுவிடுவது போல ஆகியிருந்தது.

போன வருடம் ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார்கள். மாவு கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, அங்கிருந்து பெரிய கலனுக்குள் விடுவார்கள். கலனுக்குள் மரபணு மாற்றிய பாக்டீரியா. நம் உடம்பு கொழுப்புச் சேர்ப்பதுபோல, அவை அந்தத் தண்ணீரைத் தின்று தமக்குள் பிளாஸ்டிக்கைச் சேர்க்கும். மண்ணில் மக்கிவிடும் பிளாஸ்டிக். கணவன் கருப்பண்ணன் இறந்த ஆறாம் மாதம், கொட்டகைப் பொறுப்பில் இருந்த தீபிகா ராசாத்தியை அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நான்கு நாள் வளர்த்த பாக்டீரியா கலனில் தயாராக இருந்தது. இந்தத் தடவையும் கெட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ராசாத்தி மதியச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள். விரலில் பவுடர் நெடி. காலையில் கொட்டகைத் தொட்டியைக் கழுவியது நினைவுக்கு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தீபிகாவின் கை, தொட்டித் தண்ணீரைக் கலனுக்குள் விடும் வால்வின் மேல் இருந்தது.

“திருகாதீங்க சாமி. பழக்கத்துல தொட்டியில பவுடரப் போட்டுட்டனுங்க.”

தீபிகா, பவுடர் இருந்தால் நிறம் மாறும் சோதனைத் தாள் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். தாள் ஊதாவாக மாறியது.

பாய்லர்காரர் ரங்கன் எட்டிப்பார்த்தார். “இத்தன வருசம் கிருமி சாவோணும்னு பவுடர் போட்டே. இப்ப சாவக்கூடாதுன்னு அழுவறயே ராசாத்தி.”

“அழுவலீங்ணா. பவுடரு கண்ண எரிக்குது.” பிறகு தீபிகாவிடம் மெல்லக் கேட்டாள். “என்னைய நிறுத்தீருவீங்களா?”

“நிறுத்துனா தொட்டிய யாருங்க்கா கழுவறது? மொதல்ல தண்ணிய வெளிய உடுங்க.”

மூவரும் சேர்ந்து தொட்டியை மூன்று தரம் வெறும் தண்ணீரில் அலசினார்கள். ஆலையிலிருந்து புதுத் தண்ணீர் வந்தது. தாள் நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகே வால்வைத் திறந்தார்கள். அடுத்த வாரம், பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காயவைத்த பிளாஸ்டிக் தட்டில் வெள்ளைப் பொடியாகக் குவிந்தது.

“நம்ம மாவாட்டமே இருக்குதுங்க,” என்றாள் ராசாத்தி.

அதில் செய்த நாற்றுப் பை ஒன்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். செவ்வரளிக் குச்சியை அதில் துளிர்க்கவைத்து, கருப்பண்ணனைப் புதைத்த இடத்தில் பையோடு நட்டாள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் போய் மண்ணைக் கிளறினாள். பை இல்லை, வேர்தான் இருந்தது. மண்ணை மூடினாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வந்த வழக்கப்படி விரலை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.