கைப்பிசகு

பிசகு முதலில் உடம்பின் சொல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும். மூட்டு விலகினால் பிசகு, நரம்பு புரண்டால் பிசகு. அங்கிருந்து நழுவி எழுத்துக்கு வந்தது, பேச்சுக்கு வந்தது. வந்த இடமெல்லாம் மன்னிப்பையும் கூடவே கூட்டி வந்தது. குற்றத்துக்கு ஓர் ஆள் வேண்டும்; பிசகு தானாக நேர்கிறது. எவ்வளவு வசதியான சொல்! பூந்தமல்லியில் பத்திரம் எழுதிப் பிழைத்த நான் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அப்பா போனபின் அண்ணனும் நானும் வீட்டைப் பிரித்துக்கொண்டோம். தாலியறுத்து வந்திருந்த அக்காவுக்கு, அண்ணன் பங்கிலிருந்த பின்னறை, ஆயுசு பரியந்தம். அப்படித்தான் பேச்சு. ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில் எழுதியவன் நான். அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. சத்தியமாகக் கைப்பிசகுதான்.

கையெழுத்துக்கு முன் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசித்தேன்; அக்கா வந்திருக்கவில்லை. அந்த இடம் வந்ததும் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அண்ணன் பேனாவோடு நின்றான்.

"இன்னாடா நிறுத்திட்ட? ஆபீஸ் மூடிடுவான். படி."

அவன் முகத்துக்குப் பயந்து, அந்த வரி இல்லாமலே மேலே படித்தேன்.

இரண்டு வருஷத்தில் அவன் தன் பங்கைக் கரையான்சாவடி வியாபாரிக்கு விற்றான். வாங்கியவர் பத்திரத்தைக் காட்டி அறையைக் கேட்டார். அக்கா என்னிடம் வந்தாள்.

"கைப்பிசகுக்கா," என்றேன்.

"எய்தசொல்ல கை பிசகிச்சு, சரி. படிச்சுக் காட்டசொல்ல வாயுமா பிசகிச்சு?"

கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தேன்.

"இப்ப ஒரு வரி சேத்து எய்திக் குடேன்."

"முடியாதுக்கா. வித்தாச்சு. நீ என் பக்கம் வந்து இரு."

"உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துகினு சோறு துன்னவா? அந்த ரூமு எனக்குன்னு இருந்துதுடா."

மறுநாள் பாயையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நூம்பலில் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் படுக்க இடம் கொடுத்தார்களாம்.

தெருவில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். "எய்துற கை, நூறுல ஒண்ணு தவறும். வுடு நைனா." நானும் தலையாட்டினேன். அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவளும் 'கைப்பிசகுதான், வுடுடா' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், நான் நூம்பல் பக்கமே போகவில்லை.